ஹாஸ்டல்ல படிக்கிற பிள்ளைக்கு தீபாவளி கிஃப்ட்: எதை முதல்ல பண்ணணும், எதை வாங்கக் கூடாது

எங்க வீடு மதுரை. பொண்ணு கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்து படிச்சு முடிச்சுட்டா, பையன் இப்ப சென்னையில மூணாவது வருஷம். இத்தனை தீபாவளிக்கு வாங்கி வாங்கி, தப்பாவும் வாங்கி, இப்ப தெருவுல யார் பிள்ளை காலேஜ் சேர்ந்தாலும் புரட்டாசி பிறந்ததும் "அக்கா என்ன வாங்கலாம்"னு என்கிட்ட கேக்கறாங்க. அவங்களுக்கு சொல்றத வரிசையா இங்க எழுதறேன்.

முதல் வருஷம் எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான். ஸ்கூல் பிள்ளைக்கு வாங்குன மாதிரியே கடைக்குப் போய் கண்ணுல பட்டத வாங்கிட்டு வந்துடறாங்க. பிள்ளை ரெண்டு நாள் லீவுல வந்து பாத்துட்டு "நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லும், ஊருக்குக் கிளம்பறப்ப அப்படியே பீரோல வச்சுட்டுப் போயிடும். அது இப்ப வாழற இடம் வேற, அந்த இடத்துக்கு என்ன தேவைன்னு தெரியாம வாங்குனா இப்படித்தான் ஆகும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

நாலு விஷயம் ஒரு நோட்ல எழுதி வச்சுக்கோங்க. பிள்ளைக்கு லீவு எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், ஹாஸ்டல்ல என்னென்ன அனுமதி இல்ல, இப்ப போடற துணியோட அளவு, உங்களால கடன் வாங்காம செலவு பண்ண முடிஞ்ச மொத்தத் தொகை. இந்த நாலும் இல்லாம கடைப்பக்கமே போகாதீங்க, ஏன்னா கடையில நின்னு ஃபோன் பண்ணா பிள்ளை கிளாஸ்ல இருக்கும், எடுக்காது, கூட்டத்துல நீங்களும் எதையாவது எடுத்துட்டு வந்துடுவீங்க.

கடை வேலைய ஆறு வாரம் முன்னாடியே தொடங்கணும், டிக்கெட் மட்டும் அதுக்கும் முன்னாடி. தைக்கக் குடுக்கறதா இருந்தா டெய்லர் தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம் இருக்கறப்பவே "இனி ஆர்டர் எடுக்கறதில்ல"ன்னு சொல்லிடுவாங்க, ஆன்லைன்ல வாங்குனா மாத்தறதுக்கு ஒரு வாரமாவது வேணும்.

2. முதல் கிஃப்ட் டிக்கெட்தான்

சிரிக்காதீங்க, இதைத்தான் முதல்ல வாங்கணும். ரயில்ல இப்ப 60 நாள் முன்னாடிதான் புக்கிங் தொறக்கறாங்க, முன்ன 120 நாள் இருந்தது, 2024 நவம்பர் 1ல இருந்து குறைச்சுட்டாங்க. காலையில 8 மணிக்குத் தொறக்கும். சென்னையில இருந்து மதுரை வர்ற பாண்டியன், வைகை எல்லாம் தீபாவளி நாளுக்கு கொஞ்ச நேரத்துல வெயிட்டிங் லிஸ்ட் போயிடும். அன்னிக்குக் காலையில பிள்ளைக்கு கிளாஸ் இருக்கலாம், அதனால நீங்களே லாகின் பண்ணி உக்காருங்க.

நிறைய பேர் வர்றதுக்கு மட்டும் போட்டுட்டு திரும்பிப் போறத மறந்துடறாங்க. லீவு முடியற அன்னிக்கு ராத்திரி ஊரே கிளம்பும். ஆம்னி பஸ்ல வேற வழியில்லாம குடுக்கற காசுல ஒரு நல்ல சட்டையே வாங்கியிருக்கலாம். போக வர ரெண்டையும் போட்டுட்டு, அதுக்கப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க.

இன்னொண்ணு, நிறைய காலேஜ்ல தீபாவளி முடிஞ்ச கையோட செமஸ்டர் பரீட்சை வரும், அதுக்கு முன்னாடி இன்டர்னல் இருக்கும். பிள்ளை வர முடியுமான்னே சந்தேகம்னா 10வது பகுதிய முதல்ல படிங்க.

3. "என்ன வேணும்"னு நேரா கேக்காதீங்க

கேட்டா "ஒண்ணும் வேணாம்மா"ன்னுதான் பதில் வரும். ஃபீஸ் கட்டறதுக்கு வீட்ல என்ன பாடுபட்டோம்னு அதுகளுக்குத் தெரியும், அதனாலதான் சொல்லுது. இத பிள்ளைக்கு ஆசையே இல்லைன்னு எடுத்துக்காதீங்க.

அதுக்கு பதிலா மூணு கேள்வி வச்சிருக்கேன். ஒரே நாள்ல கேக்காம, வேற பேச்சு பேசறப்ப நடுவுல ஒண்ணொண்ணா கேளுங்க.

"ரூம்மேட்கிட்ட அடிக்கடி எதை வாங்கி யூஸ் பண்ற?" இதுதான் ரொம்ப முக்கியம். என் பையன் மூணு மாசமா ரூம்மேட் சார்ஜர்லதான் ஃபோன் சார்ஜ் போட்டுட்டு இருந்தான், அவன் சார்ஜர் வயர் அறுந்துபோச்சு, எங்ககிட்ட சொல்லவே இல்ல. நான் அந்த வருஷம் வாட்ச் வாங்கலாம்னு இருந்தேன்.

"எது உடைஞ்சுபோய் ஒட்டிக்கிட்டு ஓட்டிக்கிட்டு இருக்க?" பேக் ஜிப், செருப்பு, கண்ணாடி ஃபிரேம், லேப்டாப் கீபோர்டுன்னு இதுல வரிசையா வெளிய வரும். கண்ணாடி போடற பிள்ளையா இருந்தா லீவுல வந்தப்ப பவர் செக் பண்ணி புது கண்ணாடி போட்டுக் குடுக்கறதே பெரிய கிஃப்ட், ஆனா லென்ஸ் போட்டு வர சில நாள் ஆகும்னு கணக்கு வச்சுக்கோங்க.

"ரூம்ல எதுக்காக சண்டை வரும்?" லைட்டுக்கு வரும், ஃபேனுக்கு வரும், ப்ளக் பாயின்ட்டுக்கு வரும். ராத்திரி லைட் போட்டா ரூம்மேட் திட்டறான்னு பையன் ஒரு தடவை சொன்னான், சார்ஜ் போடற சின்ன ஸ்டடி லேம்ப் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், அறுநூறு ரூபாகூட ஆகல, இன்னிக்கும் அதுலதான் படிக்கிறான்.

ஃபேமிலி குரூப்ல கேக்கவே கேக்காதீங்க. சித்தப்பா, அத்தை எல்லாரும் இருக்கற இடத்துல எந்தப் பிள்ளையும் செருப்பு பிஞ்சுபோச்சுன்னு சொல்லாது.

4. ஹாஸ்டல் ரூல்ஸ தெரிஞ்சுக்கோங்க

பொண்ணு முதல் வருஷம், பாவம் சுடுதண்ணிக்கு கஷ்டப்படறாளேன்னு ஒன்றரை லிட்டர் கெட்டில் வாங்கிக் குடுத்தேன். ஒரே வாரத்துல வார்டன் எடுத்து வச்சுட்டாங்க, வருஷக் கடைசியிலதான் திரும்பக் கிடைச்சது. தப்பு என் மேலதான், கெட்டில், அயர்ன் பாக்ஸ், இன்டக்‌ஷன் ஸ்டவ் மாதிரி சூடு பண்ற சாமான் எதுவும் பல ஹாஸ்டல்ல கூடாது, பழைய ஒயரிங் தாங்காது. சேர்றப்ப குடுத்த தாள்லயே போட்டிருக்கும், அத எடுத்து ஒரு தடவை முழுசா படிங்க.

அப்புறம் இடம். ஒரு கட்டில், ஒரு மேஜை, பாதி அலமாரி, அவ்வளவுதான் அதுக்கு சொந்தம். பெரிய பொம்மை, ஃபோட்டோ ஃபிரேம், கிடார் இதெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடும். பூட்டு போட முடியுமான்னும் கேளுங்க, முடியாதுன்னா விலை அதிகமான எதையும் குடுத்து அனுப்பாதீங்க, இல்லைன்னா பூட்டையும் சேர்த்து வாங்குங்க.

தண்ணியும் துணியும்கூட கணக்குல வரும். உப்புத் தண்ணியில பக்கெட்ல ஊற வச்சு துவைக்கற பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை ரெண்டே மாசத்துல பழுப்பாகிடும். டிரை கிளீன் பண்ணணும்னு லேபிள் இருக்கற துணி எதுவும் ஹாஸ்டலுக்கு வேண்டாம்.

5. மொத்தத் தொகைய பிரிச்சு எழுதுங்க

உதாரணத்துக்கு ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபான்னு வைங்க. துணிக்கு 2,500, அந்த மூணு கேள்வியில தெரிஞ்ச தேவைக்கு 2,000, கையில பணமா 1,000, மிச்சம் 500 தையல் கூலி, ஆல்டரேஷன், ஃபோன் கவர் மாதிரி கூடவே வர்ற செலவுக்கு. இந்தக் கடைசி 500 வைக்காததாலதான் எல்லாருக்கும் பட்ஜெட் எகிறுது.

பெரிய பொருள் வாங்குற வருஷம் துணிய ஒரே செட்டோட நிறுத்திடுங்க. அத முன்கூட்டியே பிள்ளைகிட்ட சொல்லிடுங்க, புரிஞ்சுக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐ-ன்னு போட்டிருந்தாலும் பிராசசிங் ஃபீஸ், வட்டிக்கு ஜிஎஸ்டி-ன்னு தனியா வரும், கடைசி பக்கம் வரைக்கும் பாத்துட்டு அழுத்துங்க. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் ஜனவரி பக்கம் வந்து நிக்கும், அந்த மாசத்துல இந்த தவணையும் சேர்ந்தா ரொம்ப நெருக்கும். தெருவுல யாரோ நடத்தற தீபாவளி சீட்டுல பதிவு இருக்கான்னு தெரியாம காசு கட்டாதீங்க. வருஷம் முழுக்க கட்டிட்டு ஐப்பசியில பூட்டுன கதவு முன்னாடி நின்னவங்க எங்க பக்கத்துலயே இருக்காங்க.

6. துணி: அளவு எடுத்துட்டுப் போங்க, அனுமானத்துல போகாதீங்க

ஹாஸ்டல் போன முதல் வருஷம் பிள்ளைங்க உடம்பு மாறும். மெஸ் சாப்பாட்டுல இளைச்சும் போகும், வெளிய சாப்ட்டு ஊதியும் போகும். ஜூன்ல வாங்குன சைஸ் ஐப்பசியில சேராது. எம், எல்-னு லேபிள நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு.

பிள்ளைகிட்ட இப்ப நல்லா ஃபிட்டா இருக்கற ஒரு சட்டையோ குர்த்தியோ எடுத்து கட்டில்ல விரிச்சு, ஒரு அக்குள்ல இருந்து இன்னொரு அக்குள் வரைக்கும் டேப் வச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அது 20 இன்ச்னா சுத்தளவு 40. தோள்பட்டை, நீளம், பேன்ட்டுக்கு இடுப்பு, உள்கால் நீளம், இத்தனையும் இருந்தா எந்தக் கடையிலயும் டேப் வாங்கி துணி மேலயே அளந்து பாத்துடலாம். டேப் பையிலயே இருக்கட்டும்.

டிசைன் நீங்க முடிவு பண்ணாதீங்க. நாலஞ்சு எடுத்து வச்சுட்டு வீடியோ கால் போடுங்க. இதுக்கு விளக்குத்தூண் பக்கமோ ரங்கநாதன் தெருவோ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனா நடக்காது, வேலை நாள்ல கடை தொறந்ததும் போங்க, ஆளும் உங்ககிட்ட நின்னு எடுத்துக் காட்டுவாங்க. காலேஜ்ல டிரஸ் கோட் இருந்தா அதுக்குள்ள வர்றதா பாருங்க. ஜீன்ஸ், டி-ஷர்ட் போட விடாத காலேஜ் நிறைய இருக்கு, அங்க படிக்கற பிள்ளைக்கு தீபாவளி டிரஸ் வருஷத்துல மூணு நாளுக்கு மேல ஆகாது.

கைத்தறி பிடிக்கற பிள்ளைன்னா கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி குடுப்பாங்க, அங்க சட்டை, குர்த்தி மெட்டீரியல் எல்லாமே இருக்கு. துவைச்சா சாயம் போகுமான்னு கேட்டு வாங்குங்க, முதல் தடவை தனியா துவைக்கணும்னு பிள்ளைகிட்டயும் சொல்லி விடுங்க, ரூம்மேட் துணியோட சேர்த்து ஊற வச்சா ரெண்டு பேருக்கும் போச்சு.

கடைசி வருஷப் பிள்ளைன்னா ஆசை டிரஸ் ஒண்ணு, கூடவே இன்டர்வியூ டிரஸ் ஒரு செட். லைட் கலர் முழுக்கை சட்டை, டார்க் பேன்ட், பெல்ட், லெதர் ஷூ. பொண்ணா இருந்தா ஃபார்மல் சட்டையா, சல்வாரா, எது அவளுக்கு வசதியோ அது. ஷூ மட்டும் பிள்ளை கால்ல போட்டுப் பாக்காம வாங்கவே கூடாது.

பில்லுக்குப் பின்பக்கம் படிங்க. பண்டிகை நேரத்துல பல கடையில பணம் திரும்பக் கிடைக்காது, மாத்த மட்டும்தான் முடியும், அதுவும் இத்தனை நாளுக்குள்ளன்னு இருக்கும். பிள்ளை வந்து இறங்குன அன்னிக்கே போட்டுப் பாக்கச் சொல்லுங்க. தீபாவளி காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்து போட்டுப் பாத்து சேரலைன்னா மாத்தறதுக்கு வழியே இல்ல.

7. லேப்டாப், ஃபோன்: சர்ப்ரைஸ் வேண்டாம்

இவ்வளவு பணம் போடற பொருள பிள்ளைக்குத் தெரியாம வாங்கக் கூடாது. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் மெக்கானிக்கல் படிக்கற பையனுக்கு ஆசையா ஆப்பிள் லேப்டாப் வாங்குனார், டிபார்ட்மென்ட்ல நடத்தற டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். பையன் அப்பா மனசு கஷ்டப்படும்னு சொல்லாம லேப் கம்ப்யூட்டர்லயே ராத்திரி வரைக்கும் உக்காந்து முடிச்சிருக்கான்.

அதனால வரிசை இதுதான். முதல்ல அதே டிபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷம் மூத்த சீனியர்கிட்ட என்ன சாஃப்ட்வேர் வரும்னு பிள்ளைய கேக்கச் சொல்லுங்க. காமர்ஸ், ஆர்ட்ஸ்னா எக்செல், டேலி ஓடுனா போதும், 8 ஜிபி ராம் தாங்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிடுங்க, நாலு வருஷம் ஓடணும். ஆர்க்கிடெக்சர், த்ரீடி டிசைன் பண்றவங்களுக்கு மட்டும் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவை, மத்தவங்களுக்கு அது வீண் செலவு, எடையும் கூடும். தினமும் தோள்ல தூக்கிட்டுப் போறது பிள்ளை, கையில தூக்கிப் பாத்து வாங்குங்க.

அடுத்து விலை. ஒரு மாசம் முன்னாடியே அந்த மாடலோட விலைய எழுதி வைங்க. சேல்ல 40 சதவீதம் குறைப்புன்னு போடறது அடிச்சுக் காட்டற எம்ஆர்பி-ல இருந்து கணக்கு, நேத்து வித்த விலையில இருந்து இல்ல. ஸ்டூடண்ட் ஆஃபர் குடுக்கற கம்பெனியும் இருக்கு, காலேஜ் ஐடி கார்டு ஃபோட்டோ வாங்கி வச்சுக்கோங்க.

கடைசியா சர்வீஸ். ஹாஸ்டல் இருக்கற ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கணும், உங்க ஊர்ல இருந்து பிரயோஜனம் இல்ல. பில் ஒரு காப்பி பிள்ளை ஃபோன்ல, ஒண்ணு உங்ககிட்ட. ஃபோன்னா *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பர நோட்ல எழுதிடுங்க. தொலைஞ்சா போலீஸ் புகார் குடுத்துட்டு அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துல அந்த நம்பர வச்சுத்தான் பிளாக் பண்ண முடியும், அந்த நேரத்துல தேடுனா கிடைக்காது.

பைக் கேக்கற பசங்க உண்டு. அத பண்டிகை கிஃப்ட் கணக்குல கொண்டுவராதீங்க, லைசென்ஸ், இன்சூரன்ஸ், காலேஜ்ல அனுமதி எல்லாம் யோசிச்சு தனியா எடுக்கற முடிவு அது. ஏற்கனவே வண்டி இருக்கற பையனுக்கு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கற நல்ல ஹெல்மெட் வாங்கிக் குடுங்க.

8. ஆயிரம் ரெண்டாயிரத்துல நெசமா உதவறது

ஐப்பசி, கார்த்திகை நம்ம பக்கம் அடை மழைக்காலம். நல்ல ரெயின்கோட், பேக்குக்கு மழை உறை, உறுதியான குடை, இத தீபாவளிக்கு யாரும் யோசிக்கறதே இல்ல, ஆனா அடுத்த வாரமே தேவைப்படும். லேப்டாப் தூக்கிட்டுப் போற பிள்ளைக்கு மழை உறை இருநூறு முன்னூறு ரூபாய்க்குள்ள வரும், அம்பதாயிரம் ரூபா பொருள காப்பாத்தும்.

பவர் பேங்க் வாங்குனா 10,000 எம்ஏஎச் தினசரிக்குப் போதும், பாக்கெட்ல போகும். விமானத்துல வர்ற பிள்ளைன்னா கைப்பையில மட்டும்தான் வைக்கணும், லக்கேஜ்ல போட விட மாட்டாங்க. மத்தபடி ஸ்டீல் பாட்டில், நம்பர் பூட்டு, நல்ல போர்வை, ஹாஸ்டல் அனுமதிச்சா ஐஎஸ்ஐ முத்திரை இருக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இதெல்லாம் நாலு வருஷமும் கூட இருக்கும்.

பொண்ணுக்கு தங்கம் வாங்கணும்னு தோணுனா வாங்குங்க, நகையில பொறிச்சிருக்கற ஆறு எழுத்து ஹால்மார்க் நம்பர் (எச்யூஐடி) இல்லாம வாங்காதீங்க, பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா அது உண்மையான்னு காட்டும். ஆனா அது நீங்க சேர்க்கற சேமிப்பு, அவளுக்குக் குடுக்கற கிஃப்ட் இல்ல, ஹாஸ்டலுக்கு அத போட்டு அனுப்பவும் முடியாது.

9. பணமா குடுக்கறதும், ரெண்டு பிள்ளை இருக்கற வீடும்

பணம் குடுக்கறது சோம்பேறித்தனம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. தனியா இருக்கற பிள்ளைக்கு யார்கிட்டயும் கேக்காம செலவு பண்ண ஆயிரம் ரூபா இருக்கறது பெரிய தைரியம். ஆனா மெஸ் பில்லோட சேர்த்து அனுப்பாதீங்க, தனியா, "இது தீபாவளிக்கு"ன்னு சொல்லிக் குடுங்க, அப்புறம் எங்க செலவு பண்ணன்னு கேக்காதீங்க. 18 முடிஞ்ச பிள்ளையோட பழைய மைனர் அக்கவுண்ட்ட பேங்க்ல மேஜரா மாத்தியாச்சான்னு பாருங்க, மாத்தலைன்னா பணம் உள்ள கிடக்கும், எடுக்க முடியாது. லீவுக்கு வர்றப்ப கூட்டிட்டுப் போய் கேஒய்சி முடிச்சு விடுங்க.

ரெண்டு பிள்ளைன்னா தொகை சமமா இருக்கணும்னு இல்ல, ஆனா காரணம் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். இந்த வருஷம் அவனுக்கு லேப்டாப், அடுத்த வருஷம் உனக்குன்னு சொன்னா சொன்னபடி செய்யணும். பையனுக்கு லேப்டாப்பும் பொண்ணுக்கு சுடிதாரும்னு பிரிக்கற வீடுகள இன்னும் பாக்கறேன். அவளும் அதே இன்ஜினியரிங்தான் படிக்கிறா, அவளுக்கும் அதே அசைன்மென்ட்தான், தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

10. வர முடியாத பிள்ளைக்கு பார்சல்

வடக்க படிக்கற பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நமக்கு நரக சதுர்த்தசி அன்னிக்கு விடிகாலை தீபாவளி, அங்க லட்சுமி பூஜை சாயங்காலம், சில வருஷம் ஒரு நாள் தள்ளியும் வரும். அங்க லீவு அவங்க நாளுக்குத்தான், நம்ம தீபாவளி அன்னிக்கு பிள்ளை கிளாஸ்ல உக்காந்திருக்கும். பார்சல் நம்ம நாளுக்கு முன்னாடி போய்ச் சேரணும், அதனால பத்து நாள் முன்னாடி அனுப்பிடுங்க.

முறுக்கு, தட்டை, அதிரசம், ரவா லாடு தாங்கும். பால் இனிப்பு எதுவும் வேண்டாம், வழியிலயே கெட்டுடும். எண்ணெய் நல்லா வடிஞ்சு, முழுசா ஆறுனதுக்கு அப்புறம் டப்பாவுல போடுங்க, சூட்டோட மூடுனா நமத்துப் போகும். ஒரே பெரிய டப்பாவா இல்லாம சின்னச் சின்னதா நாலு டப்பா போடுங்க, பிள்ளை ஒண்ண தனக்கு வச்சுக்கிட்டு மிச்சத்த ரூம்மேட்டுக்குக் குடுக்கும். பெரிய டப்பா தொறந்தா பத்து நிமிஷத்துல காலி, உங்க பிள்ளைக்கு ரெண்டு முறுக்கு கிடைச்சா பெருசு. லேகியம் சின்ன பாட்டில்ல, மூடிய டேப் போட்டு சுத்தி, தனி கவர்ல.

துணிய நடுவுல வச்சு டப்பாவ சுத்தி அடைக்காதீங்க, எண்ணெய் பட்டுடும். துணிய தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல வைங்க. புதுத் துணி ஓரத்துல மஞ்சள் வைக்கற வீடா இருந்தா வச்சே அனுப்புங்க, நாங்க வச்சுத்தான் அனுப்புவோம். பட்டாசு பார்சல்லயும் கூடாது, ரயில்ல கொண்டுபோறதும் குற்றம், பிள்ளை கையிலயும் குடுத்து விடாதீங்க.

அட்ரஸ்ல ஹாஸ்டல் பேர், பிளாக், ரூம் நம்பர், பின்கோடு, பிள்ளையோட ஃபோன் நம்பர் எல்லாம் எழுதுங்க. பல இடத்துல கூரியர்காரர் கேட்டோட நின்னுடுவார், ஃபோன் எடுக்கலைன்னா திருப்பிக் கொண்டு போயிடுவார். டிராக்கிங் நம்பர பிள்ளைக்கு அனுப்பி வச்சுடுங்க.

11. குடுக்கற அன்னிக்கு

விலை லேபிள கிழிக்காம, மடிச்சு உள்ள தள்ளி வைங்க, மாத்தணும்னா தேவைப்படும். சொந்தக்காரங்க முன்னாடி எவ்வளவு ஆச்சுன்னு சொல்ல வேண்டாம். அரியர், சிஜிபிஏ பேச்ச அன்னிக்கு எடுக்காதீங்க, கையில குடுத்துட்டு மார்க்க பத்திக் கேட்டா பிள்ளைக்கு அந்த டிரஸ்ஸ பாக்கறப்பல்லாம் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும்.

ஊருக்குக் கிளம்பறப்ப பைய நீங்க கட்டாதீங்க, பிள்ளைய கட்டச் சொல்லி பக்கத்துல நில்லுங்க. எதை எடுத்துட்டுப் போகுது, எதை விட்டுட்டுப் போகுதுன்னு பாத்து அதே நோட்ல எழுதிடுங்க. மூணு கேள்வியில வந்த பட்டியல்ல வாங்காம விட்டது எதுவோ அத பொங்கல் லீவுக்கு வர்றப்ப வாங்கிடலாம். பொங்கல் ரயிலுக்கு 60 நாள் கணக்கு நவம்பர் நடுவுலயே ஆரம்பிச்சுடும், கேலண்டர்ல இப்பவே ஒரு வட்டம் போட்டு வைங்க.